புனித வாரமும் சின்னப் பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் தாண்டிவிட்டால் போதும், ஞாயிறு மறைக்கல்வி முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். பத்து வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருப்பவர்களுக்காக அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே திரட்டியிருக்கிறேன். நான் கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சபையில் இருக்கிறவள், அதனால் பதில்களும் அந்த வழக்கப்படியே இருக்கும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி உண்டு.

ஈஸ்டர் ஏன் வருஷா வருஷம் தேதி மாறுது? கிறிஸ்துமஸ் மாதிரி ஒரே நாள்ல வரக்கூடாதா?

நிலாவை வைத்துக் கணக்கிடுவதால்தான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்பு ஞாயிறு. அதனால் அது மார்ச் 22-க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னாலும் வராது. 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28, 2028-இல் ஏப்ரல் 16. இயேசு இறந்தது யூதர்களின் பாஸ்கா விழாவையொட்டி, அந்த விழா முழுநிலவில் வருவது, அதிலிருந்துதான் இந்தக் கணக்கு.

பிள்ளைக்கு இவ்வளவு தேவையில்லை. பெரிய வியாழன் இரவு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போது அண்ணாந்து நிலாவைக் காட்டி, கெத்சமனித் தோட்டத்தில் இயேசு செபித்த ராத்திரியும் இப்படித்தான் நிலா இருந்திருக்கும் என்று சொல்லுங்கள், அது மனதில் நிற்கும். பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரிய வெள்ளி அரசு விடுமுறை, பெரிய வியாழன் விடுமுறை கிடையாது, முழு ஆண்டுத் தேர்வும் அந்த வாரத்தில் வந்து விழலாம். நாட்காட்டி வாங்கிய கையோடு தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சு வயசுப் பையன் ஒருசந்தி இருக்கணுமா? மாமியார் இருக்கணும்னு சொல்றாங்க.

வேண்டியதில்லை. திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி, அதாவது உணவைக் குறைத்து நோன்பிருப்பது, 18 வயது நிறைந்ததிலிருந்து அறுபதாவது வயது தொடங்கும் வரை. கட்டாய ஒருசந்தி நாட்களும் இரண்டே இரண்டுதான், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அன்றைக்கும் யாரையும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் கொஞ்சமாக.

ஆனால் மாமியாரிடம் சட்டம் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவர்கள் சின்ன வயதில் நாற்பது நாளும் வீட்டில் கறிச்சட்டியே அடுப்பில் ஏறியிருக்காது, அந்தப் பக்தி நிஜமானது. பெரிய வெள்ளியன்று வீட்டில் கஞ்சியும் துவையலும் என்றால் பையனும் எல்லாரோடும் உட்கார்ந்து அதையே சாப்பிடட்டும், இடையில் பசித்தால் பாலோ வாழைப்பழமோ கொடுங்கள். தண்ணீரை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பங்குனி வெயிலில் தண்ணீர் இல்லாமல் சிலுவைப்பாதை நடந்து பிள்ளை மயங்கி விழுந்தால் அதில் எந்தத் தவமும் இல்லை.

நான் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். எனக்கு?

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் அம்மாக்களுக்கும் ஒருசந்திக் கடமை இல்லை என்றே திருச்சபையில் எடுத்துக்கொள்கிறோம். நற்கருணை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்கும் முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது வேறு விஷயம், அதிலும் தண்ணீரும் மருந்தும் கணக்கில் வராது. இன்னும் நற்கருணை வாங்காத பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரமும் கிடையாது. கோயிலுக்குள் முறுக்கு நொறுக்காமல் இருந்தால் போதும்.

அப்போ பிள்ளைங்க தவக்காலத்துல என்னதான் செய்யலாம்?

கையால் செய்கிற மாதிரி ஒன்று கொடுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது பழைய கைப்பிடி அரிசி வழக்கம். தினமும் உலை வைக்கும் முன் பிள்ளையின் கையால் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனி டப்பாவில் போடச் சொல்லுங்கள். நாலு வயசுக் கைக்கு ஒரு பிடி என்பது ரெண்டு ஸ்பூன்தான் வரும், அதிலும் பாதி தரையில் சிந்தும், குனிந்து பொறுக்கிப் போடச் சொல்லுங்கள். புனித வாரத்தில் டப்பாவை அந்தப் பிள்ளையே தூக்கிக்கொண்டு போய்ப் பங்கிலோ, தெரிந்த ஒரு முதியோர் இல்லத்திலோ கொடுக்கட்டும். நீங்கள் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதிப் பலன் போய்விடும்.

பங்கில் தரும் தவக்கால அட்டை உண்டியலும் நல்லதுதான், ஆனால் தினமும் அப்பா பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற காசைப் போடுவதில் பிள்ளைக்கு ஒன்றும் குறைவதில்லை. ஐஸ் வேண்டாம் என்று அவனே சொன்ன நாளில் அந்த ஐஸ் காசைப் போடட்டும். வாரத்துக்கு ஒரு நாள் அப்படிச் செய்தாலே ரொம்பப் பெரிது.

இன்னொன்று: "டிவி கிடையாது, போன் கிடையாது, தவக்காலம்" என்று தண்டனை போல அறிவிக்காதீர்கள். எதை விடுவது என்று பிள்ளையைக் கேளுங்கள், நீங்கள் எதை விடப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

குருத்து ஞாயிறு பவனிக்கு ரெண்டு வயசுக் குழந்தையைத் தூக்கிட்டுப் போகலாமா? ஓலை கண்ணுல குத்திடுமோன்னு பயமா இருக்கு.

தாராளமாகப் போகலாம், ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான அது வருஷத்தில் குழந்தைகளுக்கென்றே வைத்த மாதிரி இருக்கிற நாள். பயமும் நியாயமானதுதான். ஓலையின் ஓரம் கையைக் கீறும், ஈர்க்கின் நுனி சரியாகப் பக்கத்துப் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கும். வாங்கியவுடன் நுனி ஈர்க்கை ஒடித்துவிட்டு, ஓலையைப் பாதியாக மடக்கி, அகலமான பக்கம் மேலே வருகிற மாதிரி கொடுங்கள். இல்லையென்றால் சின்னச் சிலுவையாக முடைந்து கையில் கொடுத்துவிடுங்கள். ஓசன்னா பாடும்போது ஆட்டுவதற்கு அது போதும். வெயிலுக்குத் தொப்பி போடுங்கள், கூட்டத்தின் நடுவில் நடக்காமல் ஓரமாக நடங்கள்.

போன வருஷ ஓலையைக் குப்பையில் போடக்கூடாதா என்றும் சேர்த்தே கேட்பார்கள். அது மந்திரித்த, அதாவது சாமியார் செபித்து ஆசீர்வதித்த பொருள், அதனால் சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் கொடுத்துவிடுங்கள். அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். பிள்ளை கையால் கொடுக்கச் செய்தால் அடுத்த வாரம் தன் நெற்றிச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று அதுவே ஊர் முழுக்கச் சொல்லும்.

பெரிய வியாழன், பெரிய வெள்ளி, சனி ராத்திரி, ஞாயிறு... நாலுக்கும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரணுமா? ஒண்ணுதான் முடியும்னா எது?

ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு பெரிய வியாழன் மாலைப் பூசைக்கு. கண்ணால் பார்க்க நிறைய இருக்கும், வார்த்தையால் விளக்க அதிகம் இருக்காது. சாமியார் கீழே முட்டி போட்டு ஊர்க்காரர்களின் பாதத்தைக் கழுவித் துடைப்பார். 2016-இலிருந்து பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று ஆகிவிட்டதால், அந்த வரிசையில் தெரிந்த ஒரு அக்காவோ பாட்டியோ இருந்தால் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். "உன்னதங்களிலே" என்ற புகழ்ப்பாட்டைப் பாடும்போது மணியெல்லாம் அடித்து ஓயும், அதன் பிறகு சனி இரவு வரை மணி கிடையாது, மரக்கட்டைச் சத்தம்தான். "இப்ப மணி நிக்கப் போகுது, கவனி" என்று காதில் சொல்லிவிட்டால் எந்த வால் பையனும் அசையாமல் இருப்பான். பூசை முடிந்து பீடத்துத் துணியை எல்லாம் எடுத்துவிடுவார்கள், நற்கருணைப் பேழை காலியாகத் திறந்து கிடக்கும். அதையும் முன்னால் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு பேசினில் தண்ணீர் வைத்து நீங்களும் செய்யலாம். அப்பா பிள்ளையின் காலைக் கழுவட்டும், பிள்ளை பாட்டியின் காலைக் கழுவட்டும். பாட்டியின் குதிகால் வெடிப்பைத் தடவிப் பார்த்து "வலிக்குதா பாட்டி" என்று ஒரு பெண் குழந்தை கேட்டதாக அவள் அம்மா சொன்னார். நான் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினாலும் அந்த இடத்துக்கு அவளைக் கொண்டுபோயிருக்க முடியாது.

பெரிய வெள்ளி ரத்தம், ஆணி, சவுக்கடி எல்லாம் பார்த்துட்டு என் பொண்ணு ராத்திரி அலறுறா. அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போகாம இருக்கலாமா?

அவள் வயதைப் பொறுத்தது. ஐந்துக்குக் கீழே என்றால் நாடகம், சினிமா, இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் இரவு நேரப் பாஸ்கா காட்சி எதுவும் வேண்டாம். கோயில் சுவரில் மாட்டிய சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைப் படங்களில் மூன்று நிலை போதும்: சீமோன் சிலுவை சுமக்க உதவுவது, வெரோணிக்காள் முகம் துடைப்பது, அம்மா மகனைச் சந்திப்பது. மூன்றிலும் துன்பப்படுகிறவருக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் வந்து நிற்கிறார்கள். குழந்தைக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். ஆறேழு வயதுக்கு மேல் முழுச் சிலுவைப்பாதையும் நடக்கலாம், கூடவே ஒரு கை பிடித்திருக்க வேண்டும்.

ஊரில் பாஸ்கா நாடகம் போட்டால், முடிந்த பிறகு இயேசுவாக நடித்தவரை மேக்கப் கலைத்த கோலத்தில் காட்டுங்கள், முடிந்தால் கை குலுக்க வையுங்கள். கடற்கரை ஊர்களில் தூம்பா எடுத்து, அதாவது இறந்த ஆண்டவரின் சுரூபத்தைச் சுமந்து இரவில் பவனி போவார்கள். இருட்டும் ஒப்பாரியும் நெரிசலும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே மனது கலங்கும். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தால் போதும்.

தயவுசெய்து ஒன்றைச் சொல்லாதீர்கள்: "நீ பொய் சொன்னதாலதான் சாமிக்கு ஆணி அடிச்சாங்க." வீட்டில் அடக்கி வைப்பதற்காக இதைச் சொல்பவர்கள் நிறையப் பேர். ஐந்து வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பும், தான்தான் ஒருவரைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு படுக்கும். "நம்ம எல்லார் மேலயும் அவ்வளவு அன்பு வெச்சிருந்தார், ஓடிப்போகல" என்று சொன்னால் அது உண்மையும்கூட.

மூணு மணி வழிபாடு ரெண்டு மணி நேரம் ஓடுது. எப்படி உட்கார வைக்கிறது?

முழுவதும் உட்கார வைக்க வேண்டாம். அன்றைக்குத் திருப்பலி கிடையாது. யோவான் நற்செய்தியின் பாடுகள் வாசகம், பத்துப் பெரிய மன்றாட்டுகள், சிலுவை ஆராதனை, கடைசியில் நற்கருணை என்று போகும். பெற்றோரில் ஒருவர் தொடக்கத்திலிருந்து உள்ளே இருக்கட்டும், மற்றவர் சின்னதுகளோடு வெளியே மரத்தடியில் இருந்துவிட்டு, சிலுவையைத் தூக்கிக்கொண்டு வரும்போது உள்ளே நுழையலாம். சிலுவையை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, வரிசையில் நிற்பது பிள்ளைகளால் முடியும், விரும்பியும் செய்வார்கள். கூச்சப்பட்டால் தொட்டுக் கும்பிட்டால் போதும், கழுத்தைப் பிடித்துக் குனிய வைக்காதீர்கள். யாராவது திரும்பி முறைத்தால் கண்டுகொள்ளாதீர்கள். குழந்தைச் சத்தம் இல்லாத கோயிலுக்கு நாளைக்கு ஆள் ஏது.

வாசகம் கேட்டுட்டு, "யூதர்கள் எல்லாம் கெட்டவங்களாம்மா?"ன்னு கேட்கிறான். என்ன சொல்ல?

இல்லை என்று உடனே, தெளிவாகச் சொல்லுங்கள். யோவானின் பாடுகளில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தச் சந்தேகம் வரும். இயேசு ஒரு யூதர், மாதாவும் யூதர், பன்னிரண்டு சீடர்களும் யூதர்கள். மரண தண்டனை கொடுத்தது உரோமை ஆளுநர் பிலாத்து, நம்பிக்கை அறிக்கையில் நாம் சொல்வதும் அந்தப் பெயரைத்தான். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த எல்லா யூதர்கள் மேலும் போட முடியாது, இன்றைய யூதர்கள் மேலும் போட முடியாது என்று எழுத்தில் சொன்னது. பெரிய வெள்ளி மன்றாட்டுகளில் யூத மக்களுக்காகவும் செபிக்கிறோம்.

பையனிடம், "பதவி போயிடும்னு பயந்தவங்களும், கூட்டத்தோட சேர்ந்து கத்தினவங்களும் சேர்ந்து செஞ்சது" என்று சொல்லலாம். கூட்டத்தோடு சேர்ந்து ஒருவனைக் கேலி செய்வது என்னவென்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

சனி ராத்திரி பதினோரு மணிப் பூசைக்கு மூணு வயசு முழிச்சிருக்குமா?

முழித்திருக்க வேண்டியதில்லை. மதியம் நன்றாகத் தூங்க வையுங்கள், ஒரு பாயும் துண்டும் கையோடு கொண்டுபோங்கள். எழுப்ப வேண்டியது இரண்டு தடவை. ஒன்று தொடக்கத்தில், வெளியே புது நெருப்பு மூட்டிப் பாஸ்காத் திரியை ஏற்றி, எல்லா விளக்கும் அணைந்த கோயிலுக்குள் "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று கொண்டுபோகும்போது. அப்புறம் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் வரிசையாக வரும், அப்போது பாயில் படுத்துத் தூங்கட்டும். இரண்டாவது உன்னதங்களிலே பாடும்போது: விளக்கெல்லாம் எரியும், வியாழக்கிழமை நின்ற மணி மறுபடி அடிக்கும், நம் ஊர்ப் பக்கம் திரை விலகி உயிர்த்த ஆண்டவர் சுரூபம் தெரியும். வெளியே வெடியும் போடுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிக் காதைப் பொத்திவிடுங்கள், திடீரென்று கேட்டால் மூன்று வயது பயந்து கதறும்.

மெழுகுதிரியில்தான் எனக்குப் பெரிய கவலை. இருட்டு, நெரிசல், முன்னால் நிற்பவரின் முந்தானை, மல்லிகைச் சரம் தொங்கும் கூந்தல். ஏழு வயது வரைக்கும் பிள்ளை தனியாகத் திரி பிடிக்க வேண்டாம், உங்கள் கைக்கு மேல் அதன் கை இருக்கட்டும். வட்டமாக வெட்டிய அட்டையில் துளை போட்டுத் திரியைச் செருகினால் சூடான மெழுகு விரலில் வடியாது. முடியவே முடியாது என்றால் ஞாயிறு காலைப் பூசைக்கு வாருங்கள். இரவுப் பூசை கண்டவர்களுக்கும் ஞாயிறு பூசை காணும் கடமை தீர்ந்தது, காலையிலும் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முட்டை, முயல் எல்லாம் செய்யணுமா? ஸ்கூல்ல மத்த பிள்ளைங்க கேட்குதாம்.

கட்டாயமும் இல்லை, தப்பும் இல்லை. ஐரோப்பாவில் முன்பு தவக்காலம் முழுக்க முட்டையே சாப்பிட மாட்டார்கள். சேர்ந்துபோன முட்டைகளைச் சாயம் போட்டு ஈஸ்டருக்குக் கொடுத்தார்கள், முயல் ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்தது. சென்னை பேக்கரிகளில் அந்தச் சமயத்தில் சர்க்கரை முட்டை கிடைக்கும், ஆசைப்பட்டால் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்குள் சாக்லேட் ஒளித்து வைப்பதானால் எறும்பையும் வெயிலையும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஈஸ்டர் என்றால் ஞாயிறு காலை ஆட்டுக்கறிக் குழம்பும் ஆப்பமும்தான், பிள்ளைகள் வெள்ளிக்கிழமையிலிருந்தே அதைக் கேட்க ஆரம்பித்துவிடும். ஞாயிறு மதியம் எல்லாரும் அடித்துப்போட்டது போலத் தூங்குவீர்கள், சரி, தூங்குங்கள். பெந்தகோஸ்து வரை ஐம்பது நாள் உயிர்ப்புக் காலம்தான், வீட்டுக் கொண்டாட்டத்தை அடுத்த ஞாயிறுகூட வைத்துக்கொள்ளலாம்.

நாங்க சி.எஸ்.ஐ. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

ஒருசந்தி வயதுக் கணக்கு உங்களுக்கு இல்லை, லெந்து நாட்களில் எதை விடுவது என்பது வீட்டு முடிவு. பெரிய வெள்ளி 12 முதல் 3 வரை மும்மணி ஆராதனையில் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் பற்றிப் பிரசங்கம் வரும். சின்னப் பிள்ளையோடு போனால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, பாட்டுப் பாடும்போது நைசாக வெளியே வந்துவிடலாம். ஈஸ்டர் அதிகாலை ஆராதனை பிள்ளைகளுக்கு இரவுப் பூசையைவிட எளிது. கைப்பிடி அரிசி, கால் கழுவுவது இரண்டும் எந்தச் சபைக்கும் பொருந்தும்.

என் கணவர் வீடு இந்துக் குடும்பம். பெரிய வெள்ளியும் அவங்க பண்டிகையும் சேர்ந்து வந்தா?

வரும். பங்குனி உத்திரமும் முழுநிலவையொட்டி வருவது, அதனால் புனித வாரத்துக்குப் பக்கத்திலேயே அடிக்கடி விழும். 2024-இல் உத்திரம் மார்ச் 25, பெரிய வெள்ளி மார்ச் 29. 2017-இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 14, சரியாகச் சித்திரை ஒன்று. 2028-இலும் அப்படித்தான். ஒரு பக்கம் வடை பாயசத்தோடு வருஷப்பிறப்புச் சாப்பாடு, ஒரு பக்கம் கஞ்சி, நடுவில் பிள்ளை.

சட்டம் பிள்ளையை எதுவும் கேட்கவில்லை என்று முன்பே சொன்னேன். வருஷப்பிறப்புச் சாப்பாட்டில் இறைச்சி இருக்காது, அதனால் உங்களுக்கும் சுத்தபோசனம் கெடாது. அதையே அன்றைய ஒரு முழு வேளைச் சாப்பாடாக வைத்துக்கொண்டு, பாயசத்தை மட்டும் நீங்கள் விட்டுவிடலாம். காலையில் ஆச்சியோடு கனி பார்த்து ஆசீர்வாதம் வாங்கட்டும், மூன்று மணிக்கு உங்களோடு சிலுவையை முத்தி செய்யட்டும். பிள்ளை முன்னால் "அவங்க சாமி, நம்ம சாமி" என்று தர்க்கம் வேண்டாம். கணவரோடு பேச வேண்டியதைத் தேதி வரும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள், அன்றைக்குச் சமையலறையில் நின்றுகொண்டு முடிவெடுக்காதீர்கள்.

எங்க அப்பா போன வருஷம் தவறிட்டார். "இயேசு மூணாம் நாள் வந்துட்டாரே, தாத்தா ஏன் வரல?"ன்னு பேத்தி கேட்கிறா.

முதலில், தாத்தா வீட்டுக்குத் திரும்பி வரமாட்டார் என்பதைச் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்தால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் உயிர்த்தது இயேசு மட்டும்தான். அவர் உயிர்த்ததால் தாத்தாவையும் கடவுள் ஒருநாள் எழுப்புவார் என்று நம்புகிறோம், ஞாயிறு தோறும் நம்பிக்கை அறிக்கையில் சொல்வது அதைத்தான். இப்போது தாத்தா கடவுள் கையில் இருக்கிறார், நாம் அவருக்காகச் செபிக்கலாம். ஈஸ்டர் அன்று கல்லறைக்குப் போய் அவளையே பூ வைக்கச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், நீங்களும் அழலாம்.

"தூங்குறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளைகள் தாங்கள் தூங்கப் பயப்படுவார்கள், அப்பா அசந்து தூங்கினால் உலுக்கி எழுப்புவார்கள். இதே கேள்வியை நாளைக்கும் கேட்பாள், அடுத்த வாரமும் கேட்பாள், அதே பதிலை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். "அந்த ஒருநாள் எப்போ?" என்று கேட்டால் தெரியாது என்று சொல்லலாம். அந்த நாள் தந்தைக்கு மட்டும்தான் தெரியும் என்று மாற்கு 13:32-இல் இயேசுவே சொல்லியிருக்கிறார்.